பெட்டியில் யாருமே வாய் திறக்கவில்லை

கேள்வி: நான் 9 வருடமாகத் தினமும் ஒரே ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். போக 50 நிமிடம், வர 50 நிமிடம். போன மாதம் பக்கத்து இருக்கையில் ஒரு இளைஞர் இயர்போன் இல்லாமல் வீடியோ பார்த்துக்கொண்டே வந்தார். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம், "பொது இடத்துல எப்படி நடந்துக்கணும்னு வீட்ல சொல்லித் தரலையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தார். பெட்டி முழுக்க ஆட்கள். தினமும் பார்த்துச் சிரிக்கிற முகங்கள்கூட இருந்தன. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் ஏறுவதையே விட்டுவிட்டேன். "உனக்கு எதுக்கு இந்த ஊர்வம்பு?" என்கிறார் கணவர்.

என்னோடு வழக்கமாக வரும் 4 பேர், நாமே ஒரு அறிவிப்பு ஒட்டலாம் என்கிறார்கள். நாங்கள் எழுதி வைத்திருப்பது இது: ‘இந்த ரயிலில் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நாகரிகம் என்றால் என்னவென்றே தெரியவில்லை. சத்தமாக வீடியோ, வாசலை அடைத்துக் கும்பல், முதியோர் இருக்கையில் இளைஞர்கள். வெட்கமாக இல்லையா?’

நான் கேட்டது தப்பா? இந்த அறிவிப்பு சரிதானா? 5 பேரால் எதையாவது மாற்ற முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த இளைஞர் சத்தத்தைக் கூட்டியதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்கள் சும்மா இருந்ததைப் பற்றி மூன்று வாக்கியங்கள். வலி எங்கே இருக்கிறது என்று அதிலேயே தெரிகிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெட்டியில் இருந்தவர்கள் ஏன் பேசவில்லை? அந்த இளைஞர் செய்தது சரி என்று நினைத்ததால் இருக்காது. வீடியோ சத்தம் கேட்டதும் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்திருப்பார்கள். எந்த முகத்திலும் ஒன்றும் தெரிந்திருக்காது. ‘சரி, நமக்கு மட்டும்தான் இது தொந்தரவாகப் படுகிறது போலிருக்கிறது’ என்று அவரவர் மனதுக்குள் முடிவுகட்டியிருப்பார்கள். தன் முகமும் அதேபோல ஒன்றும் காட்டாமல் இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் எதிரே இருப்பவரும் அடங்கிப் போகிறார் என்பது யாருக்கும் தோன்றாது. இப்படித்தான் ஒரு பெட்டி முழுக்க ஆட்கள் ஒரே எரிச்சலைத் தனித்தனியாக விழுங்கிக்கொண்டு, மற்ற எல்லோருக்கும் சம்மதம் என்று நம்பிப் பயணம் செய்கிறார்கள்.

இதைப் பற்றி வகுப்பெடுக்கிற ஆள் நான். நானும் அப்படிப் பல நாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, சொன்னால் வருத்தப்படாதீர்கள். ‘வீட்ல சொல்லித் தரலையா’ என்று கேட்டதும் விஷயம் சத்தத்தை விட்டு அவருடைய பெற்றோருக்குப் போய்விட்டது. சத்தம் குறைய வேண்டும் என்று நினைத்தவர்கள் அந்தப் பெட்டியில் நிறைய இருந்திருப்பார்கள். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் வந்து நிற்க அவர்களால் முடியவில்லை. ஒரு கோரிக்கைக்கு ‘ஆமாம்’ போடுவது சுலபம். இரண்டு பேர் சண்டைக்குள் நுழைவதற்குத் துணிச்சல் வேண்டும்.

ஆக, நீங்கள் கேட்டது தப்பில்லை. கேட்ட விதமும் கேட்ட நேரமும் கைகொடுக்கவில்லை. இதில் நேரம்தான் முக்கியம் என்பேன். கால் மணி நேரம் பொறுத்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொறுமைதான் காரியத்தைக் கெடுத்தது. 15 நிமிடம் உள்ளே கொதித்த பிறகு எவ்வளவு மென்மையான வார்த்தையைத் தேர்ந்தெடுத்தாலும் குரல் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது நிமிடத்திலேயே கேட்டிருந்தால் உங்களுக்கு அவர்மேல் கோபம் வந்திருக்காது. சத்தம் மட்டும்தான் பிரச்சினையாக இருந்திருக்கும்.

கேட்பது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதற்கு ஒரு நல்ல கதை உண்டு. ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர், அதிகாரத்தில் இருப்பவர் சொன்னால் சாதாரண மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்று ஆராய்ந்து பெயர் பெற்றவர். 1970களின் தொடக்கத்தில் அவருடைய மாமியார் அவரிடம் ஒரு குறை சொன்னார். தலை நரைத்த ஒரு பெண்மணி ஏறினால் பஸ்ஸிலும் ரயிலிலும் இப்போதெல்லாம் யாரும் எழுந்து இடம் தருவதில்லையே, ஏன்? மில்கிராம் திருப்பிக் கேட்டார்: ‘நீங்கள் யாரிடமாவது இடம் கேட்டீர்களா?’ கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே அந்த அம்மாவுக்கு விநோதமாகப் பட்டது.

மருமகன் அந்தக் கேள்வியைத் தன் மாணவர்களிடம் கொண்டுபோனார். நியூயார்க் சுரங்க ரயிலில் ஏறி, உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாத ஒருவரிடம் ‘உங்கள் இடத்தை எனக்குத் தர முடியுமா?’ என்று கேட்க வேண்டும். காரணம் எதுவும் சொல்லக் கூடாது. கேட்டுப் பார்த்தபோது 68 சதவீதம் பேர் எழுந்து இடம் தந்தார்கள், அல்லது நகர்ந்து இடம் ஒதுக்கினார்கள். ‘நின்றுகொண்டு புத்தகம் படிக்க முடியவில்லை’ என்று ஒரு நொண்டிச் சாக்கைச் சேர்த்துக் கேட்டபோது அது 42 சதவீதமாகக் குறைந்துவிட்டது.

எனக்கு இதில் பிடித்தது அடுத்து வருவது. மாணவர்கள் கேட்கத் தயங்கித் தயங்கி நின்றதைப் பார்த்த மில்கிராம், தானே போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்று கிளம்பினார். ஒருவர் முன்னால் போய் நின்றார். வார்த்தை தொண்டையைத் தாண்டி வரவில்லை. ஒருவழியாகக் கேட்டு, இடமும் கிடைத்து உட்கார்ந்த பிறகு, ‘இடம் கேட்டதற்கு ஒரு நியாயம் வேண்டுமே’ என்ற தவிப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. அது நடிப்பில்லை, உண்மையிலேயே செத்துவிடுவேன் போலிருந்தது என்று பின்னால் சொன்னார். இத்தனைக்கும் அடுத்தவருக்குக் கொடுக்கும் உத்தரவுகளைப் பற்றியே ஆராய்ந்தவர்! அவருக்கே இப்படி என்றால், அன்று நீங்கள் வாய் திறந்ததே பெரிய விஷயம். மற்றவர்கள் திறக்காததிலும் அதிசயம் இல்லை.

ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். இடம் கேட்கும்போது உட்கார்ந்திருப்பவர்மேல் குற்றம் எதுவும் இல்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லும்போது, ‘நீ தப்பு செய்கிறாய்’ என்பதும் சேர்ந்தே போகிறது. அதனால் அந்த 68 சதவீதத்தை அப்படியே இங்கே எதிர்பார்க்காதீர்கள். ஆனால் சுருக்கமாக, பாடம் நடத்தாமல் கேட்பது இங்கேயும் பலிக்கும்.

எப்படிக் கேட்பது? பக்கத்தில் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில், "தம்பி, ஸ்பீக்கர்ல கேக்குது போலிருக்கு, கொஞ்சம் குறைச்சுக்கிறீங்களா?" அவ்வளவுதான். இயர்போன் இணைப்பு விட்டுப்போய் ஃபோன் தானாக ஸ்பீக்கருக்கு மாறுவது நிஜமாகவே நடக்கிற விஷயம். அவர் வேண்டுமென்றே வைத்திருந்தாலும், ‘அட, ஆமாங்க’ என்று சமாளிக்க ஒரு வழி கிடைக்கும். அப்புறம் ‘தேங்க்ஸ்’ சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். குறைக்கிறாரா இல்லையா என்று பார்த்துக்கொண்டே இருந்தால், குறைப்பது தோற்றுப்போவதாக ஆகிவிடும். ஒரு பத்து விநாடி கழித்து, தானே நினைத்துச் செய்ததுபோல அவர் குறைக்கட்டும். உங்களுக்கு வேண்டியது அமைதிதானே. இரண்டாம் தடவை கேட்காதீர்கள். கேட்காத மாதிரி இருந்தால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுங்கள்.

யாராவது ஃபோனில் பேசுவதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறதே, நாம்தான் பொறுமை இல்லாதவர்களோ என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. 2010-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். கவனம் தேவைப்படும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் பேச்சை ஒலிக்கவிட்டார்கள். இரண்டு பேர் பேசுவது முழுதாகக் கேட்டபோது வேலை கெடவில்லை. ஒருவர் பேச்சு மட்டும், அதாவது பாதி உரையாடல் மட்டும் கேட்டபோது பிழைகள் கூடின. எதிர்முனையில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று மூளை விடாமல் ஊகித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். காதை மூடிக்கொண்டாலொழிய அதை நிறுத்த முடியாது. எனவே உங்கள் குணத்தைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

இனி, அறிவிப்பு. அதை ஒட்டாதீர்கள்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் அங்கே கல்லாகிக் கிடக்கின்றன. வருகிறவர்கள் ஆளுக்கொரு துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போவது நிர்வாகத்துக்குத் தலைவலி. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் அங்கே இரண்டு விதமான பலகைகளை வைத்துப் பார்த்தார்கள். ‘இதுவரை வந்தவர்கள் பலர் கல்லை எடுத்துப்போய்விட்டதால் பூங்கா மாறிவிட்டது’ என்றது ஒன்று. ‘தயவுசெய்து கல்லை எடுக்காதீர்கள்’ என்றது மற்றொன்று. முதல் பலகை இருந்தபோது, அடையாளம் வைத்துப் போட்டிருந்த துண்டுகளில் சுமார் 8 சதவீதம் காணாமல் போயின. இரண்டாவது பலகைக்கு 2 சதவீதத்துக்கும் குறைவு. ‘எல்லோரும் எடுக்கிறார்கள்’ என்று நாமே பலகை வைத்துச் சொன்னால், ‘அப்படியா, நானும் ஒன்று எடுத்துக்கொள்கிறேன்’ என்பதுதான் பதிலாக வரும்.

உங்கள் வாசகத்தின் முதல் வரியை இப்போது மறுபடி படியுங்கள். ‘பாதிப் பேருக்கு நாகரிகம் தெரியவில்லை’ என்பதைச் சத்தமாக வீடியோ பார்க்கிறவர் படித்தால், தனக்கு இந்த ரயிலில் பாதி ஆட்கள் துணை இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வார். ‘வெட்கமாக இல்லையா’ என்பதைப் படித்துச் சங்கடப்படப் போவது ஏற்கெனவே ஒழுங்காக இருக்கிறவர்தான். அதோடு, என்ன செய்ய வேண்டும் என்று அதில் எங்குமே இல்லை.

சிங்கப்பூரின் தரைவழிப் போக்குவரத்து ஆணையம் இதைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்தது. ரயிலிலும் பஸ்ஸிலும் கார்ட்டூன் பாத்திரங்களை வரைந்து வைத்தார்கள். எழுந்து இடம் தருகிறவள் ‘ஸ்டாண்ட்-அப் ஸ்டேசி’. உள்ளே நகர்கிறவன் ‘மூவ்-இன் மார்ட்டின்’. முதுகுப் பையைக் கழற்றிக் கீழே வைக்கிறவன் ‘பேக்-டவுன் பென்னி’. செய்ய வேண்டிய வேலை பெயரிலேயே இருக்கிறது. யாரையும் திட்டவில்லை.

வாசலை அடைத்து நிற்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். அடுத்தவரைப் பற்றிக் கவலை இல்லாததால்தான் அவர்கள் அங்கே நிற்கிறார்கள் என்று தோன்றும். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ‘உள்ளே போனா என் ஸ்டேஷன்ல இறங்க முடியாதே!’ அது பயம். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது, ஏனென்றால் வாசலை அடைத்திருக்கிற மற்றவர்கள் வழி விட மாட்டார்கள். இப்படி ஒருவருக்கொருவர் பயந்து எல்லோரும் வாசலிலேயே குவிகிறார்கள். நடுவில் இடம் காலியாகவே இருக்கும். கடைசிக் கதவு மூடினால்தான் ரயில் கிளம்பும் என்பதால், ஒரு வாசலில் நடக்கிற தள்ளுமுள்ளு அத்தனை பெட்டிகளையும் தாமதப்படுத்துகிறது. இவர்களிடம் ‘உள்ளே போங்க’ என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ‘உள்ளே போங்க, இறங்கும்போது வழி விடுறோம்’ என்பதுதான் அவர்களுக்குக் கேட்க வேண்டிய வாக்கியம்.

முதுகுப் பை விஷயத்தில் எனக்கே அனுபவம் உண்டு. ஒருநாள் பின்னாலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பெண் குழந்தை, "அங்கிள், உங்க பை என் மூக்கை இடிச்சுக்கிட்டே வருது" என்றது. அதுவரை எத்தனை மூக்கோ! முதுகுக்குப் பின்னால் நடப்பது நமக்குத் தெரிவதே இல்லை. அந்தக் குழந்தை பேசிய மாதிரி பேசினால் யாருக்கும் கோபம் வராது. நடந்ததை மட்டும் சொன்னது, என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் அறிவிப்பை நான் எழுதினால் இப்படி இருக்கும்:

‘உள்ளே நகர்ந்து நிற்போம். இறங்குபவருக்கு வழி விடுவோம்.
முதுகுப் பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வோம்.
வீடியோவுக்கு இயர்போன் போடுவோம்.
இப்படிக்கு, தினமும் இந்த ரயிலில் வருகிறவர்கள்.’

கடைசி வரி முக்கியம். அதிகாரி யாரோ மேலிருந்து சொல்வதற்கும், தினமும் கூட வருகிறவர்கள் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முடிந்தால் வாசல் பற்றிய வரியைத் தனியாக எழுதி வாசல் அருகிலேயே வையுங்கள். நீங்களாகவே ஒட்டிவிடாதீர்கள், அது சட்டப்படி குற்றமாகலாம். நிலைய மேலாளரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள்.

முதியோர் இருக்கையை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். அங்கே உட்கார்ந்திருக்கிற இளைஞருக்கு என்ன உடம்பு என்று நமக்குத் தெரியாது. இதய நோய், மூட்டு நோய், ஆரம்ப மாதக் கர்ப்பம் எதுவும் முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. லண்டனில் இதற்காகவே 2017-இல் ‘தயவுசெய்து எனக்கு இடம் தாருங்கள்’ என்ற பேட்ஜைக் கொடுக்கத் தொடங்கினார்கள். வாய் திறந்து கேட்கவோ நோயை விளக்கவோ வேண்டாம். தென் கொரியாவின் பூசான் நகரில் 2016-இல் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். கர்ப்பிணிகளிடம் ஒரு சின்னக் கருவி இருக்கும், அவர்கள் பக்கத்தில் வந்ததும் இருக்கை அருகே இளஞ்சிவப்பு விளக்கு எரியும். கேட்பதில் இருக்கிற கஷ்டத்தைக் கருவியே வாங்கிக்கொள்கிறது.

உங்களிடம் விளக்கு இல்லை. நிற்க முடியாத ஒருவரைப் பார்த்தால் அவருக்காக நீங்கள் கேளுங்கள். ‘யாராவது எழுந்து இடம் குடுங்களேன்’ என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் மற்றவரைப் பார்ப்பார்கள். ஒரே ஒருவரைப் பார்த்து, "சார், இந்த அம்மா உட்கார முடியுமா?" என்று கேளுங்கள். அந்த ஒருவர் முதியோர் இருக்கையில் இருப்பவராகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை.

5 பேரால் என்ன முடியும் என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் ஆம்ட்ராக் ரயில்களில் ‘அமைதிப் பெட்டி’ என்று ஒன்று உண்டு. செல்ஃபோன் பேச்சு அங்கே கூடாது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அது வந்ததற்குக் காரணம், பிலடெல்ஃபியாவிலிருந்து வாஷிங்டனுக்கு விடிகாலை ரயிலில் தினமும் போய்வந்த பயணிகள்தான். ஒரு பெட்டியை மட்டும் அமைதியாக விட்டுக்கொடுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள், கிடைத்தது. அவர்களும் உங்களைப் போல் வழக்கமாக ஒன்றாகப் போகிறவர்கள்தான்.

அவ்வளவு பெரிதாக வேண்டாம் என்றாலும், உங்கள் 5 பேருக்குள் ஒரு சின்ன ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். ஒருவர் யாரிடமாவது கேட்டால், இன்னொருவர் சிரித்த முகத்தோடு, "ஆமாங்க, கொஞ்சம் குறைச்சா நல்லா இருக்கும்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது குரல்தான் அன்று உங்களுக்குக் கிடைக்காமல் போனது. அது வந்ததும் பெட்டியில் இருக்கிற மற்றவர்களுக்கும், ‘ஓ, நமக்கு மட்டும் இல்லையா’ என்று தெரிந்துவிடும். மூன்றாவது, நான்காவது குரல் வேண்டாம். 5 பேர் சேர்ந்து ஒருவரைச் சூழ்ந்தால் அது மிரட்டல், அதில் உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும். தினமும் ஏறியதும் 5 பேரும் முதலில் நடுப்பக்கம் நகர்ந்து போங்கள். யாராவது வழி விட்டால் கேட்கிற மாதிரி நன்றி சொல்லுங்கள். ஒருவர் நகர்ந்தால் பின்னால் நிற்பவரும் நகர்வார்.

குடித்திருப்பவர், கும்பலாக வம்புக்கு நிற்பவர்கள் ஆகியோரிடம் இது எதையும் முயலாதீர்கள். ஒரு பெண்ணை யாராவது தொந்தரவு செய்தால் அது மரியாதைக் குறைவு என்ற கணக்கில் வராது, குற்றம். அப்போது அந்த ஆளிடம் பேச வேண்டாம். அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்று, தெரிந்தவர்போல் பேச்சுக் கொடுங்கள். உடனே ரயில் ஊழியருக்கோ போலீஸுக்கோ தகவல் சொல்லுங்கள்.

கணவர் ‘ஊர்வம்பு’ என்றதற்கும் ஒரு பதில் கேட்பீர்கள். பயணிகளின் ஒழுங்குக்கு எல்லோரும் உதாரணம் காட்டுகிற டோக்கியோவில், சுரங்க ரயில் நிர்வாகம் 1974 முதல் பயணிகளுக்கான நடத்தைச் சுவரொட்டிகளை வெளியிட்டு வருகிறது. பையை ஒதுக்குங்கள், காலை மடக்குங்கள், சத்தத்தைக் குறையுங்கள் என்று அங்கேயும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கே இன்னும் சொல்லி முடியவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை பழைய பெட்டியிலேயே ஏறுங்கள். அந்தச் சிரித்த முகங்களில் யாரிடமாவது, "அன்னிக்கு உங்களுக்கும் அந்தச் சத்தம் தொந்தரவா இருந்துச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த இளைஞர் எதிரே வந்தால் லேசாகத் தலையசைத்தால் போதும். அன்றைய சங்கடம் அவருக்கும் இருக்கும்.